கேமராவுக்கு வேட்டி கட்டிய காலை

நெபுலா படம் என்றதும் எல்லோரும் நினைப்பது, கேமராவை வானத்துக்குத் திருப்பி ஒரு அமுக்கு அமுக்கினால் வண்ணவண்ணமாக வந்து விழும் என்றுதான். ஒரு மண்ணும் விழாது. கறுப்பாக ஒரு சதுரம் வரும். அதன்மேல் உப்பைத் தூவிய மாதிரி நட்சத்திரங்கள் கிடக்கும். நெபுலா என்கிற வாயு மேகம் அந்தக் கறுப்புக்குள் எங்கோ பதுங்கியிருக்கும். அதை வெளியே இழுத்து வருவதற்குள் நான்கு நாள் கம்ப்யூட்டர் முன்னால் குந்தி, கண் இரண்டும் பூத்துப்போகும். இதை விளக்கிச் சொன்னால், "அப்ப அது போட்டோ இல்ல, நீங்களா வரையிறது" என்கிறார்கள் எங்கள் பாடசாலை ஆசிரியர்கள். அவர்களோடு நான் இப்போது வாதாடுவதில்லை.

நான் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறேன். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா தேயிலை ஃபெக்டரி இயந்திரங்களோடு முப்பது வருடம் சத்தம் போட்டு ஓய்வு பெற்றவர். சத்தத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. எங்கள் வீடு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, பெரட்டுக்களத்துக்குப் போகிற பாதையோரம் இருக்கிறது. காலையில் அங்கே போய்ப் பேர் கொடுத்து வேலை வாங்கப் போகிறவர்கள் அத்தனை பேரும் எங்கள் முற்றத்தை ஒரு பார்வை பார்க்காமல் தாண்டுவதில்லை.

முற்றத்துக்கு நேர் எதிரே ஃபெக்டரி விளக்குகள். அந்த வெளிச்சத்தில் வானத்தைப் படம் எடுக்க முடிவதற்குக் காரணம், கேமராவுக்குள் நான் பொருத்தியிருக்கும் சின்னக் கண்ணாடி வில்லை. ஹைட்ரஜன் விடுகிற ஒரே ஒரு சிவப்பு, ஆக்சிஜன் விடுகிற ஒரே ஒரு நீலப்பச்சை, இந்த இரண்டு மட்டும்தான் அதைக் கடந்து உள்ளே போகும். கல்யாண வீட்டு வாசலில் நின்று பத்திரிகை இருக்கிறதா என்று கேட்கிற மாமாவைப்போல, மற்ற வெளிச்சத்தையெல்லாம் அது வெளியிலேயே நிறுத்திவிடும்.

அந்த வருடம் மாசி மாதம் நான் குறிவைத்தது ரோஜா நெபுலா. மூன்று வாரமாக நமுனுகுல மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படியே இறங்கி என் தலையில் உட்கார்ந்தது என்றே சொல்லலாம். அதற்கிடையில் அப்பாவுக்குக் குடலிறக்கம். இரண்டு வருடம் என்னிடம் மறைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டி ஒப்பேற்றியிருக்கிறார். டாக்டர் திட்டிய திட்டில் ஒருவழியாகச் சம்மதித்தார். பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆபரேஷன்.

ஆண்கள் வார்டில் நான் இரவு தங்க முடியாது. பதுளை டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் காலையில் போவதாகத்தான் ஏற்பாடு. சாயங்காலம் அப்பா வார்டு ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார்.

"வானம் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. நீ ஏன் இங்க நிக்கிற? வீட்டுக்குப் போ."

"நாளைக்கு ஆபரேஷன் அப்பா. நான் டவுன்லயே இருக்கேன்."

"நீ டவுன்ல இருந்தா எனக்குக் கொடல் உள்ள போயிருமா? போய்ப் படத்த எடு, போ!"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அதட்டினார். நான் போய்விட்டேன். கொஞ்சம் சந்தோஷமாகவே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடியும்வரை மேகம் வரவில்லை. ரோஜா மலைக்குப் பின்னால் இறங்கும்வரை, மூன்று மூன்று நிமிடமாக அறுபத்திரண்டு படங்கள். போன்தான் கேமராவை இயக்கியது. யாராவது அழைத்து நடுவில் கெடுத்துவிடாமலிருக்க அதை ஃப்ளைட் மோடில் போட்டிருந்தேன். விடிந்ததும் ஃப்ளாட் எடுக்க வேண்டும். ஃப்ளாட் என்பது லென்ஸின் அழுக்கைப் படம் பிடிப்பது. வெள்ளைத் துணியை லென்ஸுக்கு முன்னால் விறைப்பாகக் கட்டி, பரவலான விடியல் வெளிச்சத்தில் அதையே எடுத்தால், எங்கே தூசி இருக்கிறது, எந்த மூலை இருட்டடிக்கிறது என்பது தெரியும். பிறகு நெபுலாப் படத்தை இந்தப் படத்தால் வகுக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் அழுக்கை அகற்றிவிடும்.

வீட்டில் சுத்தமான வெள்ளைத் துணி என்று இருந்தது அப்பாவின் வேட்டி ஒன்றுதான். முற்றத்தின் வாசல் பக்கம் இரண்டு கம்பை நட்டு, அதை விரித்துக் கட்டினேன். கேமராவை அதற்கு நேரே திருப்பி, முப்பது படம் தானாக எடுக்கும்படி விட்டுவிட்டு, இரவெல்லாம் முழித்த முகத்தோடு படியில் உட்கார்ந்தேன்.

இருபதோ இருபத்தொன்றோ ஆகியிருக்கும். பாதையிலிருந்து ஓலம் கேட்டது.

"அண்ணே! எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே அண்ணே!"

என் அத்தை. அப்பாவின் சித்தப்பா மகள், மேல் லயத்தில் இருக்கிறவர். கொழுந்துக் கூடையைப் பாதையிலேயே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு முற்றத்துக்குள் ஓடி வந்தார். வேட்டி கட்டிய கம்புகளுக்கு முன்னால் நின்று கையை மேலே தூக்கித் தூக்கி அழுதார்.

நான் போனைப் பார்த்தேன். ஃப்ளைட் மோட். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் அடித்துப் பார்த்துக் கிடைக்காமல் அத்தைக்குச் சொல்லியிருக்கிறார்கள். வேறு எதையும் என் மண்டை யோசிக்கவில்லை.

"எப்ப அத்தை?" என்று கேட்டேன்.

"எப்பன்னு என்னயக் கேக்குறியேடி! ஐயோ, புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே!"

அதற்குப் பிறகு பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே திரும்பினார்கள். பத்து நிமிடத்தில் முன்னறையிலிருந்த மேசையும் கதிரைகளும் முற்றத்துக்கு வந்துவிட்டன. யாரோ அடுப்பை மூட்டித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்கள். தப்படிக்கிறவர்களுக்கு ஆள் அனுப்பியாயிற்று. நான் ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்; அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக மூன்று மொழியில் சொன்னது. சார்ஜ் போய்விடும் என்று அவர் எந்நேரமும் அதை அணைத்துத்தான் வைப்பார். அது எனக்குத் தெரியாததா? அன்று நினைவுக்கு வரவில்லை.

கேமராவைக் கழற்றிக்கொண்டு அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அப்பா தனியாகச் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே வாயுவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்ற ஒன்றே மண்டைக்குள் ஓடியது. இந்தப் படத்தை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு பார்ப்பது? மெமரி கார்டை ஃபோர்மேட் செய்யும் இடத்துக்குப் போனேன். எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேமரா கேட்டது. சரி என்று அமுக்கினேன்.

அப்பாவைக் கொண்டுவரப் போக வேண்டும். லயத்தில் ஆட்டோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். ஆட்டோ தெமோதரையைத் தாண்டியது. பிறகு அவர்தான் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து எத்தன மணிக்குங்க டீச்சர் சொன்னாங்க?"

"எனக்கு யாரும் சொல்லலையே அண்ணே. அத்தைக்குத்தான் சொல்லியிருக்காங்க."

"இல்லைங்களே. ஒங்க வீட்டப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்னு அவங்க சொன்னாங்க."

அத்தைக்குப் போன் அடித்தேன். பின்னால் ஒப்பாரி முழு வீச்சில் நடந்துகொண்டிருந்தது.

"அத்தை, அப்பா போயிட்டாருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீதானடி வாசல்ல வெள்ளை கட்டியிருந்த!"

இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் என்ன அர்த்தம் என்று தெரியும். பாதை நெடுக வெள்ளைக் கொடியைப் பார்த்தால் பஸ்ஸில் போகிறவர்கள்கூட எழவு வீடு எங்கே என்று எட்டிப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிற வீட்டில், அந்த ஆளின் வேட்டியையே எடுத்து, பாதையைப் பார்க்கக் கட்டிய பெருமை எனக்குத்தான் சேரும். ஆட்டோ அண்ணன் ஓரமாக நிறுத்தி, துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். நானும் சிரித்தேன். அப்படியும் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று பதுளைக்கே விடச் சொன்னேன்.

அப்பா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணி குடிக்க விடவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சத்தமாக முறையிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "படம் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு," என்றேன். வேறென்ன சொல்ல?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அத்தை முன்னறையைக் கூட்டிப் பெருக்கி, மேசை கதிரைகளைத் திரும்ப வைத்து, வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். வீட்டின் பின்பக்கம், பாதைக்குத் தெரியாத இடத்தில்.

ஃபோர்மேட் செய்ததால் படம் அடியோடு போய்விடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதே நான்தான். பெயர்ப்பட்டியல் மட்டும்தான் கிழியும். மேலே வேறெதையும் எழுதாதவரை உள்ளே இருப்பதைத் தோண்டி எடுக்கலாம். தோண்டினேன். அறுபத்திரண்டில் நாற்பத்தேழு வந்தன. மற்றவை பாதியில் கோடு கோடாகக் கிழிந்திருந்தன. ஃப்ளாட்டுகளும் வந்தன. எழவு நடந்த அவசரத்தில் டார்க் எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டார்க் என்றால், லென்ஸை மூடி, அன்றிரவு இருந்த அதே குளிரில் வைத்து, வெறும் இருட்டை எடுக்க வேண்டும். கேமரா தானாகப் போடுகிற புள்ளிகளை அதை வைத்துத்தான் கழிப்பார்கள். பகலில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் போனேன். அவருடைய சோடா ஃப்ரிஜ்ஜில், கிரீம் சோடாவுக்கும் யோகட்டுக்கும் நடுவில் கேமராவை வைத்தோம்.

"ஒங்க அப்பா மௌத்தாகிட்டாருன்னு சொன்னாங்க தங்கச்சி. நான் கடைய பாதி சாத்திட்டேன்," என்றார் நானா. "இப்ப இது என்னத்தப் படம் எடுக்குது?"

"இருட்ட."

அவர் ஃப்ரிஜ்ஜின் கதவைப் பதனமாகச் சாத்தினார். அப்பாவின் சாவுச் செய்தியால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவரும் முடிவுகட்டியிருப்பார். வருகிறவர்களிடம் மட்டும், "அது விக்கிறதுக்கில்ல, கைய வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாற்பத்தேழையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டைக் கழித்து, அழுக்கை வகுத்து, கறுப்பை மெல்ல மெல்ல மேலே இழுத்தேன். சிவப்பாக ஒரு வட்டம் எழுந்தது. நடுவில் நீலப்பச்சை. அதற்கு இரண்டு பக்கமும், என்ன இது? வெளிச்சமாக இரண்டு கறை, விரல்களோடு. ஃப்ளாட்டுகளைத் திறந்து பார்த்தேன். கடைசி ஒன்பதில் வேட்டியின்மேல் அத்தையின் கை நிழல். வகுக்கிற படத்தில் நிழல் விழுந்தால், நெபுலாப் படத்தில் அந்த இடம் வெளிச்சமாகிவிடும். அத்தை மாரடித்த கை வானத்தில் போய் நின்றது.

அந்த ஒன்பதையும் தூக்கிவிட்டுத் திரும்பச் செய்து, இரண்டு படங்களையும் அப்பாவிடம் காட்டினேன். அவர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது, தையல் காயவில்லை. பார்க்க வந்திருந்த அத்தை, நெபுலாவைப் பார்த்து உளுந்து வடை மாதிரி இருக்கிறது என்றார். தன் கையைப் பார்த்ததும் வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வக்காதீங்க, தையல் பிரியுது" என்று கெஞ்சினார். எழவுக்கு யார் யார் வந்தார்கள், யார் நன்றாக அழுதது, யார் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போனது என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் விசாரித்தார். அத்தையும் சளைக்காமல் சொன்னார். கடைசியில், "ஒங்க மகதான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலண்ணே. உள்ள போயி கேமராவ நோண்டிக்கிட்டிருந்தா" என்று போட்டுக்கொடுத்துவிட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டேன். அழித்ததை, பிறகு தோண்டி எடுத்ததை, பதினைந்து படம் திரும்பி வராததை.

"ஏன் அழிச்ச?"

"ஒங்களத் தனியா விட்டுட்டு எடுத்த படம்னு தோணுச்சுப்பா."

"யாரு தனியா இருந்தா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஃபெக்டரிச் சத்தம் திரும்பியது. "மேகம் வந்துருமோ வந்துருமோன்னு ராத்திரி பூரா நான் ஜன்னல்லயே நின்னேன். நர்ஸு ரெண்டு தடவ வந்து படுங்கன்னு சத்தம் போட்டுச்சு. ரெண்டு பேரும் முழிச்சிருந்து எடுத்த படத்த அழிக்க நீ யாரு?"

அன்று காலை வராத அழுகை அப்போது வந்தது. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அத்தையே அசந்துபோகும் அளவுக்கு, கூச்சமில்லாமல் அழுதேன்.