இரண்டாம் நம்பர் பேனலுக்குப் போன ஒற்றை ஒயர்

குன்றக்குடியில் மைத்துனர் மகள் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மில் டைம் ஆபீஸ் ஆள் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு நேரே வந்து என் தோளைத் தொட்டார்.

"எந்திரிங்க. உங்க அப்ரண்டிஸ் சேதுவுக்குக் கரண்ட் அடிச்சிருச்சு. உசுரு இருக்கு, ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக. என்ஜினியர் உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாரு."

எந்த இடத்தில் என்று கேட்டேன்.

"புளோ ரூம். ரெண்டாம் நம்பர் பேனல்."

எனக்கு அங்கேயே விஷயம் தெரிந்துவிட்டது. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து காரைக்குடி வரும்வரை, காரணம் வேறு ஏதாவதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன். பையன் பிழைக்க வேண்டும் என்று வேண்டியது அதற்குப் பிறகுதான். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

பாக்கெட்டில் பியூஸ்

எழுபதுகளின் தொடக்கம். ஊருக்கு வெளியே இருந்த நூல் மில் ஒன்றில் நான் ஹெட் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்து வரும் அப்ரண்டிஸ்களை என்னிடம்தான் விடுவார்கள். மோட்டாருக்குப் பவர் கொண்டுபோவது பெரிய ஒயர். எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்வது பேனலுக்குள் இருக்கும் சின்ன ஒயர்கள். அந்தச் சின்ன ஒயர் வேலைக்குத்தான் கன்ட்ரோல் என்று பெயர். அதைத்தான் நான் சொல்லிக்கொடுத்தேன்.

என்னிடம் ஒரு சட்டம் உண்டு. பேனலில் கை வைக்கும் முன் மெயினை ஆஃப் செய்து, மூன்று பியூஸ் கேரியரையும் பிடுங்கி, தன் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். பியூஸ் தன்னிடம் இருக்கும்போது வேறு எவனும் சப்ளை கொடுக்க முடியாது. பிறகு டெஸ்ட் லாம்பை, கரண்ட் வரும் மூன்று பேஸ் லைனிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எரியாவிட்டால் கை வைக்கலாம். என் அப்ரண்டிஸ்களின் பாக்கெட் எப்போதும் புடைத்துக்கொண்டு தொங்கும். "பாக்கெட்டுல என்னப்பா, சீடையா?" என்று ஸ்பின்னிங் ஆட்கள் கேலி செய்வார்கள்.

சேது ஒக்கூர்க்காரன், விவசாயக் குடும்பம். அப்போது இருபத்தொரு வயது. கை கொஞ்சம் மெதுவு, ஆனால் ஒரு வேலையை இரண்டாவது தடவை சொல்ல வைத்ததில்லை. அப்ரண்டிஸ்ஷிப் முடிய மூன்று மாதம் இருந்தது. அந்த வருடம் பெர்மனென்ட் ஆகப்போகிறவன் அவன்தான் என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

நான் செய்த கெட்டிக்காரத்தனம்

புளோ ரூமில் பஞ்சை அடித்துச் சுத்தம் செய்யும் மெஷினுக்கு ஒன்றாம் நம்பர் பேனல். அதற்குப் பஞ்சு தள்ளும் மெஷினுக்கு இரண்டாம் நம்பர். முன்னது நின்றால் பின்னதும் தானாக நிற்க வேண்டும். இல்லையென்றால் பஞ்சு அடைத்துக்கொண்டு பெல்ட் கருகிவிடும். அப்படி நிறுத்துவதற்கு ஒரு ரிலே இருந்தது. சேது வேலைக்கு வருவதற்கு முன்பே ஒரு நாள் அது எரிந்துபோனது. ஸ்டோரில் வேறு இல்லை. சாயங்காலத்துக்குள் மெஷின் ஓட வேண்டும் என்று என்ஜினியர் தலைமேல் நின்றார்.

ஒன்றாம் நம்பர் மோட்டாருக்குப் போகும் லைனிலிருந்து ஒரே ஒரு ஒயரை இழுத்து, அதையே இரண்டாம் நம்பரின் கன்ட்ரோல் சப்ளையாகக் கொடுத்தேன். முன்னது நின்றால் பின்னதற்குக் கன்ட்ரோல் சப்ளை போய்விடும், அதுவும் நின்றுவிடும். ரிலேயே தேவையில்லை. மெஷின் ஓடியதும் என்ஜினியர் முதுகில் தட்டினார். எப்படி ஓடுகிறது என்று கேட்கவில்லை. எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த டிராயிங்கில் அந்த ஒயரை நான் வரையவில்லை. புது ரிலே வரட்டும், பிடுங்கிவிடலாம் என்று இருந்தேன். ரிலே வந்தது. வந்து எட்டு மாதம் ஸ்டோரில் கிடந்தது. அந்தப் பேனலை நான் மட்டுமே பார்த்துவந்ததால் இரண்டு பேனலின் பியூஸையும் சேர்த்துப் பிடுங்குவது எனக்குப் பழகிவிட்டது. ஏன் பிடுங்குகிறேன் என்று யாருக்கும் சொன்னதில்லை, சேதுவுக்கும்கூட.

நான் கல்யாணத்துக்குப் போன அன்று இரண்டாம் நம்பர் நின்றுவிட்டது. மோட்டாருக்குக் கரண்டை இணைத்துப் பிரிக்கும் கான்டாக்டரின் காயில் போயிருந்தது. சேது தனியாகப் போனான். மெயினை ஆஃப் செய்தான், மூன்று பியூஸையும் பாக்கெட்டில் போட்டான், லாம்ப் வைத்தான். மூன்றும் எரியவில்லை. காயிலைக் கழற்றக் கை வைத்தான். பக்கத்தில் ஒன்றாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. என் ஒயரில் கரண்ட் இருந்தது. பஞ்சு அள்ளிக்கொண்டிருந்த ஒருவர் மரக்கட்டையால் அடித்துத்தான் அவனைப் பிரித்திருக்கிறார்.

என்ஜினியர் எழுதியதும் நான் சொன்னதும்

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முதலில் புளோ ரூமுக்குப் போனேன். எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஸ்டோரிலிருந்து ரிலேயை எடுத்து மாட்டிவிட்டு அந்த ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக் கழிவுப் பஞ்சு மூட்டையில் திணித்தேன்.

என்ஜினியர் காகிதத்தோடு வந்தார். "பியூஸ் மூணும் பையன் பாக்கெட்ல இருந்திருக்கு. அப்புறம் எப்படிங்க அடிக்கும்?"

"மெயின ஆஃப் பண்ணாம கை வச்சிருப்பான் சார். அடிச்சதும் பயந்துபோய் அப்புறம் பியூஸப் புடுங்கியிருப்பான்."

நடக்கிற காரியமா அது? கரண்ட் அடித்து விழுந்தவன் எழுந்து பியூஸ் பிடுங்குவானா? அவரும் நம்பியிருக்க மாட்டார். ஆனால் எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

சேதுவுக்கு வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கி நின்றுவிட்டன. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனேன்.

"லாம்ப் வச்சுப் பாத்த மாதிரித்தாண்ணே இருக்கு. மூணுலயும் எரியல" என்றான் சேது.

"பதட்டத்துல அப்படித்தான் தோணும்" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டான். அவன் தாயார் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார். "தம்பி, எம் மகன் கவனமில்லாம இருந்ததுக்கு உங்களுக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சுக்கிறாதீக" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கவனக்குறைவு என்று ரிப்போர்ட்டில் இருந்ததால் அவனைப் பெர்மனென்ட் செய்யவில்லை. அவன் ஊரோடு போய்விட்டான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்த முனையில் கை வைக்கப் போகிறீர்களோ அந்த முனையிலேயே லாம்ப் வையுங்கள், பேஸ் மூன்றோடு நிறுத்தாதீர்கள். ஒரு ஒயரை மாற்றினால் அன்றைக்கே டிராயிங்கில் எழுதுங்கள். தப்பு உங்களுடையது என்றால் அதையும் அன்றைக்கே சொல்லுங்கள்.

ஒக்கூர்

ஆறு வருடம் கழித்து, சேது பம்புசெட் சுவிட்சைக்கூடத் தொடுவதில்லை, மனைவிதான் போடுகிறாள் என்று ஒருவர் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே, எப்ப வந்தீக? இங்குட்டு நெழலுக்கு வாங்க."

உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர், டிராயிங், பஞ்சு மூட்டை, கையெழுத்து, ஒன்றுவிடாமல். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப நான் லாம்ப் வச்சேனா?"

"வச்ச."

"மூணுலயுமா?"

"மூணுலயும் வச்ச. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல."

பாத்தி நிரம்பித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவன் மடையை மாற்றவில்லை.

"கதவப் பூட்டிட்டு நாலு எட்டு போவேன், திரும்பி வந்து இழுத்துப் பாப்பேன். மறுபடி போவேன், மறுபடி வருவேன். எம் பொஞ்சாதி சிரிக்கும். நான் கண்ணால பாத்தத நானே நம்புறதில்ல. ஆறு வருசமா அப்படித்தான் இருக்கேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. "போயிட்டு வாரேன் சேது" என்றேன்.

எங்கள் பக்கம் விரோதியை அனுப்பினாலும் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். சேது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "போங்க" என்றான்.