ஓஸ்லோ சுவரில் அஞ்சலை

2006 ஜூனில் நான் ஓஸ்லோ போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. விழுப்புரம் பக்கத்தில் ஏழைப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி நடத்துகிறோம். அதற்கு உதவும் நார்வேக்காரர்கள் பெண்களும் வறுமையும் பற்றி ஒரு கருத்தரங்கு வைத்து, என்னைப் பத்து நிமிடம் பேச அழைத்திருந்தார்கள். உதவி தொடருமா, நிற்குமா என்று அதன் பிறகுதான் முடிவு செய்வார்களாம். விடுதியில் நாற்பது பிள்ளைகள்.

விமான நிலையம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். விரைவு ரயிலில் இருபது நிமிடப் பயணத்துக்கு நூற்றி அறுபது குரோனர்! ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், சோறு இறங்காது. பிறகு சுரங்க ரயிலில் இருபது குரோனர் கொடுத்து, ஊரின் ஓரத்தில் இருக்கும் ரொம்சோஸ் பகுதிக்குப் போனேன். தெரிந்தவர் மூலம் சாந்தி அக்கா வீட்டில் இடம் கிடைத்திருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை.

மதியம் அரங்கை ஒருமுறை பார்த்து வரப் போனேன். நுழைந்தால், சுவரில் ஆளுயரத்துக்கு எங்கள் அஞ்சலை! போன வருஷம் நாங்கள் அனுப்பிய படம்தான். பதினாறு வயது, கையில் புத்தகம், முகமெல்லாம் சிரிப்பு. கீழே, 'குழந்தைத் திருமணத்திலிருந்து தப்பியவள்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். அடக் கடவுளே! இந்தச் சித்திரையில்தான் அவளுடைய அப்பா திருவிழாவுக்கென்று விடுதியிலிருந்து கூட்டிப்போய், மாமன் மகனுக்குக் கட்டி வைத்துவிட்டார். இது அங்கே யாருக்கும் தெரியாது.

உண்மையைச் சொன்னால் விடுதி போய்விடுமோ? சொல்லாவிட்டால் நான் என்ன மனுஷி? சாயங்காலம் சாந்தி அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் கேட்டது வேறு.

"ஏன் அந்தப் பிள்ளையைத் திருப்பி எடுக்கேல்லை?"

"கல்யாணமான பொண்ணுக்கு விடுதியில இடமில்லைக்கா. அது விதி. நான்தான் எழுதினேன். அந்தப் பயத்துலயாவது அப்பன்மார் கட்டிக் குடுக்காம இருப்பாங்கன்னு..."

"நான் பதினெட்டு வயசிலை கலியாணம் கட்டி, இந்த நாட்டின்ரை வடக்குக் கோடியிலை இருக்கிற பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்தனான். மீன் பக்டரியிலை வேலை செய்துகொண்டுதான் நொர்வேஜிய பாஷை படிச்சனான். அப்ப என்னையும் உங்கடை விடுதியிலை விட்டிருக்க மாட்டியள், என்ன?"

விதியைத் தளர்த்தினால், கட்டி வைத்துவிட்டு விடுதியிலேயே கொண்டுவந்து விட ஆரம்பிப்பார்கள். தளர்த்தாவிட்டால், அப்பன் செய்ததற்குப் பிள்ளை படிப்பை விடுகிறது. எது சரி? இதை எழுதும் இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

மறுநாள் மேடையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். வெள்ளைத் தலை அம்மா ஒருவர் மட்டும் எழுந்து, "இப்போது அவள் எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவமானமாக இருந்தது. முடிவைக் கடிதத்தில் தெரிவிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

போகிறவர்களுக்கு: ஜூனிலும் ஸ்வெட்டர் வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்குக் காசைக் கொட்டாதீர்கள், குழாய்த் தண்ணீரே அருமை. ஊருக்குப் பேச, தமிழ்க் கடைகளில் போன் கார்டு மலிவாகக் கிடைக்கும். நம் ஊர் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

மேடையில் பேசிய அன்று மதியம் இரண்டு மணிக்கு அப்படி ஒரு கார்டு வாங்கி விடுதி வார்டனை அழைத்தேன். அஞ்சலை எங்கே என்று தெரியுமா என்று கேட்டேன்.

"அவளா? கல்யாணமாகி ஒரு வாரத்துலயே பொட்டியோட வந்து நின்னா மேடம். அப்புறம் இன்னொரு தரமும் வந்தா. நீங்க எழுதின விதியைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினேன்."

"இனிமே வந்தா உள்ளே விடுங்க" என்றேன்.

"இனிமே எங்க மேடம் வரப் போறா?" என்றார் வார்டன்.