பொன்னுருக்கின வீடு

அன்று காலை ஏழு இருபத்தைந்துக்கு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் என் மகன் வந்து கதவைச் சாத்தினான். எட்டு மணிக்கு அவனுடைய பொன்னுருக்கு. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவது எங்கள் வழக்கம். முற்றத்தில் நகை செய்யும் பத்தர் உமியைக் குவித்து நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் புத்தூரிலிருந்து சைக்கிள்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சண்டையால் மின்சாரமும் பெற்றோலும் இல்லாமல் போய் மூன்றாவது வருடம் அது.

“அம்மா, இதை நிப்பாட்டுங்கோ.”

“ஏன் தம்பி, பயமே?”

“பயமில்லை. எனக்குப் பொம்பிளைப் பிள்ளையளிலை ஒருநாளும் மனம் போனதில்லை. எனக்கு உவனிலைதான் விருப்பம்.”

எவன் என்று நான் கேட்கவில்லை. வல்வெட்டித்துறையிலிருந்து சனிக்கிழமைகளில் வரும் சிநேகிதன். இரண்டு பேரும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்பார்கள். நான் சோறு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதைக் கண்டும் இருக்கிறேன். அதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. ஊரில் இருந்தவையெல்லாம் ஏச்சுச் சொற்கள்.

“ஆக்கள் வந்திட்டினம்,” என்றேன். “முதல் பொன் உருகட்டும். பிறகு கதைப்பம்.”

என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். பொன் உருகிவிட்டால் கலியாணம் முடியும்வரை மாப்பிள்ளை வாசல் படலையைத் தாண்டக்கூடாது. கலியாணத்துக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. அதுவரை வழக்கமே அவனைக் கட்டி வைத்திருக்கும், அதன்பிறகு ஒரு மனைவி மாற்றிவிடுவாள் என்று நம்பினேன். இருபது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். வகுப்பில் யாருக்கும் ‘பிறகு’ என்று சொன்னதில்லை.

வெற்றிலையில் பவுணை வைத்துப் பத்தரிடம் கொடுத்தபோது அவன் என்னைத்தான் பார்த்தான்.

“மாப்பிள்ளைக்கு முகமே சரியில்லை,” என்றாள் என் கணவரின் தமக்கை. “ஒன்பது நாள் பொம்பிளையைப் பாக்கேலாதெண்ட கவலை போலை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் நாள் கதைக்க வந்தான். வீட்டில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றேன். இரண்டாம் நாள் வந்தான். தலையிடி என்றேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

நாலாம் நாள் படலையில் அந்தச் சிநேகிதன் நின்றான்.

“அன்ரி, அவனை ஒருக்கால் பாக்கலாமே?”

“பொன்னுருக்கின வீடு, தம்பி. அவன் வெளியிலை வரேலாது. நீரும் இனி இஞ்சை வராதையும்.”

அவன் சைக்கிளைத் திருப்பினான். “சாப்பிடுறானே?” என்று கேட்டான்.

“ஓம்,” என்றேன். அது பொய். திரும்பியபோது யன்னல் கம்பிகளில் என் மகனின் விரல்கள் தெரிந்தன.

ஆறாம் நாள் மதியம் பொம்மர் விமானம் வந்தது. எல்லோரும் வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்கினோம். இருட்டில் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தேன். அவன் இல்லை. மேலே ஓடி வந்தேன். குண்டு எங்கோ தள்ளித்தான் விழுந்திருந்தது. பின் வேலியில் இரண்டு ஓலைகள் பிரிந்து கிடந்தன.

நான் விஷயத்தைச் சொல்ல, என் கணவர் வல்வெட்டித்துறைக்குச் சைக்கிள் மிதித்தார். அங்கே அந்தப் பிள்ளையும் வீட்டில் இல்லை. கரையில் ஒரு படகு வெளிக்கிட்டதாக யாரோ சொன்னார்களாம். அதில் ஏறினார்களா, ஏறியிருந்தால் எந்தக் கரையில் இறங்கினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்த கணவர் உடுப்பும் மாற்றாமல் சொன்னார்: “இஞ்சாரும், ஆரும் கேட்டால் சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போயிட்டான் எண்டு சொல்லும்.”

சொன்னேன். அந்த நாட்களில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அயல் முழுவதும் வந்தது. சிலர் அழுதார்கள், சிலர் பெருமையாகப் பேசினார்கள். பெண்ணின் தகப்பன் என் கணவரின் கைகளைப் பிடித்துக்கொண்டு, “நாட்டுக்குத்தானே போனவர்,” என்றார். பாயில் இருந்தபடி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். போராடப் போனவனைப் படகுக்காரர்களிடம் விசாரிக்க முடியுமா? மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லி, அவனைத் தேடுகிற ஒரே வழியையும் நாங்களே அடைத்தோம்.

கலியாணம் நடக்க இருந்த நாளும் போய், வந்த சனமெல்லாம் ஓய்ந்த பிறகு, அந்தப் பெண் தனியே வந்தாள். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன். அவள் இருக்கவில்லை.

“மாமி, அவர் இயக்கத்துக்குப் போகேல்லை எண்டு எனக்குத் தெரியும். போன மாதம் மருதனார்மடச் சந்தையிலை என்னை மறிச்சு எல்லாம் சொன்னவர். நான் மாட்டன் எண்டால் ஏன் ஏன் எண்டு எங்கடை ஆக்கள் தோண்டுவினம், அவரின்ரை பேர்தான் கெடும். அதாலை உங்களட்டைச் சொல்லச் சொன்னனான். அவருக்குப் பயம். அம்மா கேப்பா, அம்மா எப்பிடியும் நிப்பாட்டுவா எண்டு சொல்லி அனுப்பினது நான்தான், மாமி.”