குணசீலி டீச்சர் கேட்டு வாங்கிய வகுப்பு

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். அலுவலக உதவியாளர் முனுசாமி வாசலில் வந்து நின்று கையை அசைத்தார். கூடுதல் தாள் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து அருகில் போனேன். "டீச்சர், போன் வந்துச்சு. நம்ம குணசீலி டீச்சர் காலையில தவறிட்டாங்களாம். அவங்க பொண்ணுதான் பேசிச்சு" என்றார்.

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. எனக்குப் பதிலாக நிற்க ஆள் இல்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். ஒரு மாணவி எழுந்து விடைத்தாளைக் கட்ட நூல் கேட்டாள். நானே வாங்கிக் கட்டிக் கொடுத்தேன். அழுகை வரவில்லை. உட்காரத்தான் முடியவில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் தாம்பரத்தில் எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குணசீலி கணக்கு டீச்சர். பிறந்தது பம்மல். அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் கூலி வேலை பார்த்தவர். கல்யாணமாகிப் பல்லாவரத்துக்கு வந்தார். நானும் பல்லாவரம்தான் என்பதால் தினமும் மின்சார ரயிலில் சேர்ந்தே போய்வருவோம். பள்ளியில் எனக்கு அவர் டீச்சர், ரயிலில் அக்கா. இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். கதவோரமாக நின்றுகொண்டு, காற்றில் பறக்கும் முந்தானையை ஒரு கையால் பிடித்தபடி, பள்ளியில் அன்று நடந்த ஏதோ ஒன்றைப் பற்றிக் கோபமாகப் பேசிக்கொண்டே வருவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. யாருக்கு எந்த வகுப்பு என்று தலைமையாசிரியர் வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் ஏ முதல் ஈ வரை பிரிவுகள் உண்டு. மதிப்பெண் வைத்துத்தான் பிரிக்கிறோம் என்று சொல்வோம். ஆனால் பிரித்து முடித்த பிறகு பார்த்தால் பிள்ளைகள் தெருத்தெருவாகப் பிரிந்திருப்பார்கள். ரயில்வே, வங்கி, அரசு வேலைக்காரர்களின் பிள்ளைகள் ஏ-யில். தோல் ஷெட்டு, கல்லுடைப்பு, மீன்கூடை, வீட்டுவேலை எல்லாம் ஈ-யில். ஏ பிரிவுக்கு மாடியில் காற்றோட்டமான அறை. ஈ பிரிவுக்குச் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி, சிமெண்ட் ஷீட் போட்ட அறை. அதற்குப் பெரும்பாலும் புதிதாக வந்தவர்களை அனுப்புவார்கள். இல்லாவிட்டால் யாருக்கு ஓய்வு நேரமோ அவர் போய் நிற்பார்.

சீனியர் என்ற முறையில் ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுக் கணக்கு குணசீலி டீச்சருக்கு என்று வாசித்தார் தலைமையாசிரியர். அவர் எழுந்து, "எனக்கு ஈ குடுங்க சார்" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். "விளையாட்டா கேக்கல. கடைசி வகுப்புக்கு யாரை அனுப்பறோம்னு பாத்தாலே ஒரு ஸ்கூலோட மனசு தெரிஞ்சிடும் சார்" என்றார். கேட்டவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லையே.

அந்த வகுப்பில் செல்வி என்றொரு பெண். கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்து கடப்பேரியில் குடியேறிய மீனவக் குடும்பம். தாமதமாக வருபவர்களை வெளியே நிறுத்திக் கேட்டைச் சாத்துவது எங்கள் வழக்கம். செல்வி பாதி நாட்கள் வெளியேதான் நிற்பாள். ஒரு நாள் அவள் அம்மா மீன்கூடையோடு நேராகக் கேட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர் இது? விடியக்காலைல நான் மீனு எடுக்கப் போயிட்டா சின்னதுங்கள யாரு பாத்துக்கறது? இவதான் பாத்துகினு கீறா. கேட்ட சாத்திட்டீங்கன்னா இது எங்க போவும்? வூட்டுக்குத்தான் திரும்பி வரும்" என்றார்.

குணசீலி டீச்சர் அந்த அம்மாவுக்குப் புத்தி சொல்லவில்லை. உள்ளே வந்து, கேட்டைச் சாத்தும் உடற்கல்வி ஆசிரியரிடம், "லேட்டா வர்ற பிள்ளைய வெளிய நிறுத்தினா அது இன்னும் லேட்டாத்தான் ஆகும் சார்" என்றார். பிறகு முதல் பீரியடில் இருந்த தன் கணக்கை மூன்றாவது பீரியடுக்கு மாற்றிக்கொண்டார். அதற்காக மூன்று ஆசிரியர்களிடம் சண்டை போட வேண்டியிருந்தது. போட்டார்.

அது போதவில்லை அவருக்கு. பிரிவுகளையே கலைக்க வேண்டும், எல்லா வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகளும் கலந்து உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்தார். பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பார் தலைமையாசிரியர். ரிசல்ட் விழுந்துவிடும் என்பார்கள் மற்றவர்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்தான் ஒரு சக ஆசிரியர், குரலை உயர்த்தாமல், "உங்க பொண்ணு மெர்சி ஒன்பதாவது ஏ-லதான டீச்சர் படிக்குது?" என்று கேட்டார்.

குணசீலி டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அன்று ரயிலில் பல்லாவரம் வரும்வரை கதவுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை நான் ஒன்பதாம் வகுப்பு ஈ பிரிவுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கப் போனேன். இரண்டாவது பெஞ்சில், செல்விக்குப் பக்கத்தில், இரட்டைப் பின்னலோடு மெர்சி உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலை ரயிலில் நான் சும்மா இருக்கவில்லை. "மெர்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா அக்கா?" என்றேன்.

"மத்த பிள்ளைங்கள எல்லாம் கேட்டுட்டா அங்க உக்கார வெச்சோம்?"

"அவ உங்க பிள்ளை அக்கா."

"அதான் வசந்தா. என் பிள்ளைன்னதும் உனக்குப் பதறுது பாரு. எனக்கும்தான் பதறுது. ராத்திரி முழுக்கத் தூங்கல. அப்ப இத்தனை நாள் நான் எப்படித் தூங்கினேன்?"

எனக்கு அதில் சம்மதம் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். "சரி, சம்மதிக்காத" என்றார். அதற்காக என்னோடு பேசாமல் இருக்கவுமில்லை.

மெர்சிக்கு அது கடினமான ஆண்டு. ஏ பிரிவுத் தோழிகள் முதலில் பாவம் பார்த்தார்கள், பிறகு வராந்தாவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஈ பிரிவுப் பிள்ளைகளுக்கும் அவளை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டீச்சர் பிள்ளை, வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றே பல நாட்கள் நினைத்தார்கள். செல்வி மட்டும் முதல் நாளே, "இங்க குந்திக்கோ, அந்தாண்ட ஒழுவும்" என்று தன் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறாள். ஒரு மதிய இடைவேளையில் மெர்சி என்னிடம் வந்து, "அம்மாவுக்கு நான் பொண்ணு இல்ல ஆன்ட்டி, உதாரணம்" என்றாள். அழாமல் சொன்னாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வகுப்பில் வேறொன்று நடந்தது. ஆசிரியர்கள் நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள். அறிவியல் ஆசிரியர் முதன்முறையாக ஈ பிரிவை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். ஐப்பசி மழையில் வழக்கம்போல அறை ஒழுகியது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் நின்றபடி எழுதினார்கள். அந்த மழையில் மெர்சிக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு டீச்சர் பிள்ளைக்கு ஒழுகும் அறையில் உட்கார்ந்து காய்ச்சல் என்று பேச்சு பரவியது. அடுத்த வாரமே நிர்வாகம் ஆட்களை அனுப்பிக் கூரை ஷீட்டுகளை மாற்றியது.

நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். குணசீலி டீச்சர் கொதித்துப் போனார். தலைமையாசிரியர் அறைக்குள் அவர் பேசியது வராந்தா வரை கேட்டது. "கூரை போட்டதுக்கு நன்றி சார். ஆனா ஒண்ணு சொல்லுங்க. இத்தனை வருஷமா இது யார் தலையில ஒழுகிச்சு? அதெல்லாம் பிள்ளைங்க இல்லையா? என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாத்தான் மழை பெய்யுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் கலந்து உட்கார வைத்துப் பார்க்கலாம் என்றார்.

கலந்தோம். ஜூன் மாதம் பெற்றோர் கூட்டமாக வந்தார்கள். அதிகாரி ஒருவர், "என் பையன் பக்கத்துல யார் உக்காரணும்னு நீங்க முடிவு பண்ணுவீங்களா? அந்த வாடையில அவனால சாப்பிட முடியல மேடம்" என்று கத்தினார். தோல் ஷெட்டின் வாடை. குணசீலி டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். "அந்த வாடையிலதான் சார் நான் வளந்தேன். சாப்பிட்டேன், படிச்சேன். உங்க பையனுக்கு நான்தான் கணக்கு எடுக்கறேன். என்கிட்ட வாடை வருதான்னு வீட்டுக்குப் போய் அவனைக் கேளுங்க" என்றார். அந்த மனிதர் எழுந்து போய்விட்டார். பையனின் மாற்றுச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு போனார். அவரோடு இன்னும் சிலரும் போனார்கள்.

கலந்த வகுப்புகள் நன்றாக நடந்தனவா? சில நாட்கள் நன்றாக, சில நாட்கள் மோசமாக. எங்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை. இத்தனை வித்தியாசமான பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் எடுத்துப் பழக்கமில்லை எங்களுக்கு. பழகுவதற்குள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் பிரிவுகளைத் திரும்பக் கொண்டுவந்தார். மெதுவாகக் கற்போருக்குத் தனிக் கவனம் என்று அதற்குப் புதுப் பெயரும் வைத்தார். குணசீலி டீச்சரைப் பம்மலில் இதே நிர்வாகத்தின் தொடக்கப் பள்ளிக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. கணக்குப் பட்டதாரி ஒருவர் ஒன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போனார், ஓய்வு பெறும்வரை.

மெர்சி பத்தாம் வகுப்பில் எதிர்பார்த்த மதிப்பெண் எடுக்கவில்லை. அறிவியல் பிரிவு கிடைக்கவில்லை. வணிகவியல் படித்து இப்போது ஒரு பயண முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஏ பிரிவிலேயே இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. செல்வி கணக்கில் மயிரிழையில் தேறினாள். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். இந்த இருவரையும் தராசில் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். சிறுநீரகம் கெட்டு, கால்கள் வீங்கி, கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை. "இப்ப அந்த ரூம்ல யாரு உக்காந்திருக்காங்க?" என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஈ பிரிவுதான் என்றேன். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மெர்சி சமையலறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவ என்னை மன்னிச்சிட்டாளான்னு நான் கேட்டதே இல்ல வசந்தா. கேட்டா ஆமான்னுதான் சொல்லுவா. அந்த ஆமா எனக்கு வேணாம்."

இறுதிச் சடங்கு நடந்த அன்று வீட்டு வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. பம்மலில் அவரிடம் படித்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். செல்வி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, காலையிலிருந்து மெர்சியின் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதிரியார் அவர் ஆன்மா இளைப்பாறட்டும் என்று ஜெபித்தார். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. அவர் இளைப்பாறி நான் பார்த்ததே இல்லை. கல்லறையிலிருந்து திரும்பும்போது மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கோபம் போகல ஆன்ட்டி. ஆனா அது அம்மா மேலதானான்னு இப்ப தெரியல" என்றாள்.

அக்காவைத் தெரிந்தவர்கள் அவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். என் மகன் வருகிற ஜூனில் எங்கள் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேரப்போகிறான். "டீச்சர் பிள்ளைதான, ஏ-ல போட்டுடறோம்" என்று அலுவலகத்தில் அன்போடு சொன்னார்கள். சரி என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு நொடி போதும். நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. வீட்டில் அவன் தூங்குவதைப் பார்க்கிறேன். வகுப்பில் மற்ற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்தச் சரியைச் சுலபமாகச் சொல்ல விடாமல் ஒன்று தடுக்கிறதே, அதுதான் குணசீலி அக்கா எனக்கு விட்டுப்போனது.