வெல்பேர் சேலை

எங்கள் வீட்டில் கிழிந்த சேலை ஒன்றுதான் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு நூல் பிரிந்தது அம்மாவின் கண்ணில் பட்டாலும் அன்று மாலைக்குள் அதில் ஊசி ஏறிவிடும். ஒட்டுப் போட்டாலும் பூப் போட்டதுபோல் போடுவாள். தப்பித்தது அந்த ஒரு சேலை மட்டும்தான். சாம்பல் நிறம். வேலிக் கம்பியில் மாட்டி முழ நீளத்துக்குக் கிழிந்தது. போதாததற்கு இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை ஒன்று. அதைத் தைக்கக் கூடாது என்பது பெரியம்மாவின் உத்தரவு. வெல்பேர் ஆபீசுக்கு உதவிப் பணம் வாங்கப் போகும்போது உடுத்துவதற்கென்றே அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கும், அதற்கு முன்பே பெரியப்பாவைப் பறிகொடுத்திருந்த பெரியம்மாவுக்கும் மாதாமாதம் அந்தப் பணம் வந்தது. காஜா பெராங் பகுதியில் எங்கள் பலகை வீட்டை ஒட்டிக் குடியிருந்த அக்காவுக்கும் வந்தது. அவள் புருஷன் நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூவருக்கும் வெவ்வேறு நாள். முதலில் பெரியம்மா, பிறகு பக்கத்து வீட்டு அக்கா, கடைசியில் அம்மா என்று சேலையும் முறைவைத்து ஆபீசுக்குப் போய்வரும். துவைத்தால் அதன் ஏழ்மை போய்விடும் என்பாள் பெரியம்மா. அம்மா அவளுக்குத் தெரியாமல் அலசிக் காயவைத்து, பிறகு கசக்கி வைப்பாள்.

இதையெல்லாம் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நாங்கள் பணக்காரர்கள். ஏழை வேஷம் போட்டு சர்க்காரை ஏமாற்றுகிறோம். ஏழையாக இருப்பவர் ஏழை மாதிரி உடுத்திக்கொள்ள எதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும்? போதாக்குறைக்கு எங்களிடம் இரண்டு கோழிகள் இருந்தன. எங்கள் வீட்டுக்கு அதிகாரி விசாரிக்க வரும்போது அவற்றை அக்கா வீட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். அக்கா வீட்டுக்கு அவர் போகும்போது அவை எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஏழை வீட்டில் இதெல்லாம் நடக்குமா?

நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். இதை எழுதும்போதுகூட அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வயதில் தெருமுனையில் போலீஸ்காரரின் காக்கி நிக்கர் தெரிந்தாலே சாக்கடை ஓரமாக ஒதுங்கிவிடுவேன். தபால்காரருக்கும் காக்கிதான் என்பதால் அவரைக் கண்டும் ஒதுங்கினேன்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் மாமா, அம்மாவின் தம்பி, ஊர்ச் செய்தி எல்லாம் தன் பஸ்ஸில்தான் ஏறி இறங்குகிறது என்ற நினைப்பு உள்ளவர். ஒருநாள் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

"மெர்டேக்காவுக்கு ஆபீஸ் எல்லாம் பூட்டுறாங்க. அதனால அடுத்த மாசப் பணத்த நாளைக்கே கொடுத்துடறாங்களாம். எல்லாருக்கும் ஒரே காலையில. மத்தியானத்துக்கு மேல போனா பூட்டுதான் இருக்கும்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பெரியம்மாவின் முகம் விழுந்தது.

"மூணு பேரும் ஒரே நேரத்துலயா? அப்ப சேல?"

மாமா இன்னும் முடிக்கவில்லை. "வெள்ளைக்காரத் தொர கெளம்பிட்டாரு. பின்னால உக்காந்து எழுதிக்கிட்டிருந்த தமிழ்க் கிராணிதான் இனிமே மேசைக்கு. தொர சேலையப் பாத்தா, பாவம் கிழிஞ்சிருக்குன்னுவாரு. நம்ம ஆளு நம்மள அப்படியா பாப்பான்?"

பணம் நின்றால் அரிசிக்கு என்ன செய்வது என்று அம்மா கவலைப்பட்டாள். எனக்கு அரிசி பெரிதாகத் தோன்றவில்லை. ஜெயிலில் அம்மாவோடு என்னையும் ஒரே அறையில் வைப்பார்களா என்பதுதான் என் கவலை.

மற்ற இருவரும் தங்கள் சேலையில் ஒன்றைக் கிழித்துக்கொள்வது என்று முடிவானது. அம்மா தன் பச்சைச் சேலையை மடியில் விரித்து, கத்தரிக்கோலைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஓரத்தில் நூல் பிரிந்திருந்ததைக் கண்டு, அதைத் தைத்துவிட்டு எழுந்தாள்.

அப்போதுதான் மாமா அந்த யோசனையைச் சொன்னார். இருக்கிற கந்தலையே மூன்றாகக் கிழித்து, ஆளுக்கொரு துண்டைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு போகலாம். மேசைக்கு மேலே தெரிவதுதானே கணக்கு.

உடனே சொத்துத் தகராறு ஆரம்பித்துவிட்டது. சுட்ட ஓட்டை இருக்கும் பாகம் தனக்குத்தான் வரவேண்டும் என்றாள் பெரியம்மா. சேலை முதலில் அவளுடையதாம்.

"என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில இருக்காரு, பெரியம்மா. ஓட்டைய எனக்கு விட்டுடுங்களேன்," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"உன் வீட்டுக்காரன் ஆஸ்பத்திரியிலயாவது இருக்கான். எனக்கு அதுவும் இல்ல."

ஓட்டை பெரியம்மாவுக்குப் போனது. நீளக் கிழிசல் அக்காவுக்கு. கரையெல்லாம் நன்றாக இருந்த பகுதி அம்மாவின் தலையில் விழுந்தது. அவள் அதிர்ஷ்டம் எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் நடந்தே போனோம். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கோயில் வாசலிலும் பள்ளிவாசல் முன்னாலும் ஒரே மாதிரி காகிதக் கொடிகள் கட்டியிருந்தார்கள். ஊர் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும் பிடிபடப் போகிறவளாக நடந்தேன்.

ஆளுக்கொரு மூலையில் நிற்க வேண்டும், ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் அங்கிருந்த பியூன் காஜா பெராங் ஆட்களெல்லாம் ஒரே வரிசை என்று சொல்லி மூவரையும் அடுத்தடுத்து நிறுத்திவிட்டார். ஒரே சாம்பல் நிறம், ஒரே கரை, மூன்று தோள்கள்.

கிராணி தலையைத் தூக்கினார். பெரியம்மாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னம்மா, இந்தச் சேலைக்கும் மெர்டேக்கா கெடச்சிருச்சா? மாசாமாசம் முழுசா வரும். இன்னிக்குத் தனித்தனியா நிக்குதே."

கூடமே சிரித்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விலங்கு மாட்ட வசதியாக இருக்கட்டுமென்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினேன். அவர் மேசை மேலிருந்த காகிதக் கொடி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

பிறகு மூவருக்கும் பணத்தைக் கொடுத்தார். "இது அடுத்த மாசத்துக் காசு, வெளங்குதா? மெர்டேக்காவுக்குப் பூட்டுறதால முன்னாடியே தர்றோம். இத செலவழிச்சுட்டு, அடுத்த மாசம் எங்க பணம்னு வந்து கதவத் தட்டக் கூடாது. அடுத்த தடவ வரும்போது நல்ல சேலையே கட்டிக்கிட்டு வாங்க. எங்களுக்குத் தெரியும்."

வெளியே வந்ததும் பெரியம்மா முணுமுணுத்தாள். "நல்ல சேலையில வரச் சொல்றான். வந்தா பாத்துட்டு பணத்த வெட்டிருவான்."

எனக்கோ அந்த 'எங்களுக்குத் தெரியும்' என்பதுதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் தாங்க முடியாமல் அம்மாவின் கையை இழுத்தேன்.

"நாம ஏழை இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சாம்மா?"

அம்மா நின்றுவிட்டாள். பெரியம்மாவும் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். பின்னால் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்து வந்த பேச்சாக்காரர் மணியடித்தும் விலகாமல் நடுச் சடக்கில் நின்று சிரித்தார்கள். கேள்வி காதில் விழாத பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து சிரித்தாள். தப்பித்த சந்தோஷம் என்று நினைத்து நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து என் காதில் சொன்னாள்: "அவருக்குத் தெரியாது. நீயும் யாருகிட்டயும் சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினேன். கஞ்சியே சாப்பாடாக இருந்த நாட்களில், யாரும் பார்க்காதபோதும் அம்மா எவ்வளவு சாமர்த்தியமாக நடிக்கிறாள் என்று வியந்தேன். பிறகு ஒருநாள் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, உஜோங் பாசிரில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்க அனுப்பினார்கள். அதுவும் கிராணியை நம்பவைக்கத்தான் என்று எண்ணிக்கொண்டு, துணிப் பையைத் தூக்கிக்கொண்டு அழாமல் கிளம்பினேன். அம்மாதான் வாசலில் நின்று அழுதாள். அதையும் நான் நடிப்பென்றே எடுத்துக்கொண்டேன்.