நாலாய் மடித்த பஸ் டிக்கெட்

போன மாதம் தி.நகரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் என் போனைப் பிரித்து, சூடான கம்பியால் உள்ளே எதையோ தொட்டார். ஈயம் உருகி ரெசின் புகை கிளம்பியது. அந்தப் புகையை மோந்தே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். அதோடு விட்டிருந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பேன். கடைசியில் அவர் ஒரு துண்டுப் பேப்பரைக் கிழித்து, நாலாய் மடித்து, பேட்டரி இணைப்பின்மேல் செருகி மூடினார். "லூஸா இருந்துச்சு அங்கிள். இனிமே டைட்டா நிக்கும்" என்றார். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சு டெக்னீஷியன்களுக்குப் பாடம் எடுப்பது என் உத்தியோகம். எக்ஸ்சேஞ்சில் ஃப்ரேம் என்று ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்து நீளத்துக்கு இரும்புச் சட்டம். வட்டாரத்தில் உள்ள அத்தனை வீட்டுப் போன் கம்பியும் அங்கேதான் வந்து சேரும். ஒரு லைன் கரகரத்தால், கோளாறு தெருவிலா, உள்ளே மெஷினிலா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அந்த லைனின் பித்தளைத் தகடுகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் சில்லைச் செருகி, தெருவையும் மெஷினையும் பிரிப்போம். சோதித்து முடித்ததும் சில்லை உருவிவிட வேண்டும். உருவாவிட்டால் அந்த வீட்டுப் போன் பிணம்.

சில்லு ஸ்டோரில் கேட்டபோதெல்லாம் இருந்ததில்லை. பஸ் டிக்கெட்டை நாலாய் மடித்தால் அதே கனம் வரும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் இது. ஒவ்வொரு பேட்சுக்கும் நானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிக்கொடுப்பேன். வயது இருபத்தாறு. மீசையை விடக் கர்வம் அடர்த்தியாக வளர்ந்திருந்த காலம்.

என் வகுப்பில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். தனபாலுக்கு நாற்பத்தொன்று. பட்டினப்பாக்கத்துக்காரர். பதினெட்டு வருஷம் கேபிள் குழிக்குள் இறங்கி வேலை செய்தவர். முழங்காலுக்குக் கீழே தோல் ஊறி வேறு நிறமாகியிருக்கும். பரீட்சை எழுதி, பயிற்சிக்கு வந்து சேர்ந்திருந்தார். தேறிவிட்டால் டெக்னீஷியன். நாற்காலி, ஃபேன், தலைக்குமேல் கூரை. "இன்னா சார் பெரிசா கேக்குறேன்? ஒரு மழைக்காலம் குழில எறங்காம இர்ந்தா போதும் சார்" என்பார்.

கம்பிகளின் நிற வரிசை மனப்பாடமாக வேண்டும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். மீன் விற்கிற அவர் மனைவி வீட்டில் மீன் கழுவிக்கொண்டே ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பாராம். தப்பினால் தண்ணீரைத் தெளிப்பாராம். மூன்று மாதத்தில் வகுப்பிலேயே அவர்தான் முதல். தகட்டைத் தொட்ட மாத்திரத்தில் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது, மறைப்பானேன்.

சனிக்கிழமைகளில் அவர்களை நிஜ எக்ஸ்சேஞ்சுக்கு அழைத்துப்போவேன். அப்படி ஒரு சனிக்கிழமை. அன்று காலையில் கிளம்பும்போதே அம்மா வாசல்வரை வந்து, "பொண்ணு பாக்கப் போகணும்டா, மூணு மணிக்கெல்லாம் ஆத்துல இருக்கணும், ஞாபகம் வச்சுண்டு வா" என்றாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு லைன் கரகரப்பு. சோதனைப் பதிவேட்டில் தனபாலின் பெயரை எழுதிவிட்டு, செய்துகாட்டுகிறேன் பேர்வழி என்று என் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நானே மடித்து, நானே செருகினேன். கோளாறு தெருவில்தான் என்று தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டேகால். ஓடிவிட்டேன். மயிலாப்பூரில் சொஜ்ஜி நன்றாக இருந்தது.

தெருவில் இருந்த கோளாறை அன்று மாலையே சரிசெய்துவிட்டார்கள். போன் மட்டும் திங்கட்கிழமை வரை செத்துக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. டில்லியில் மகளுக்குப் பிரசவம். பேரன் பிறந்த சேதி இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்கு வந்து சேர்ந்தது. மேலிடத்துக்கே போய்க் குதித்தார். ஃப்ரேமில் டிக்கெட் அகப்பட்டது. அதை ஒரு கவரில் போட்டு, கொலைக் கேஸ் கத்தி மாதிரி மேஜைமேல் வைத்து விசாரித்தார்கள்.

தனபாலும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். பதிவேட்டில் இருந்தது அவர் பெயர். "நீங்கள் எடுக்கச் சொல்லவில்லையா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். பெண் வீட்டில் சரி என்று சொல்லி ஒரு நாள்கூட ஆகவில்லை. மெமோ வாங்கிய மாப்பிள்ளை என்று பேச்சு கிளம்பினால்? "எடுத்துவிடச் சொன்னேன் சார்" என்றேன். அவ்வளவுதான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அது நான்தான். தனபால் என்னையே பார்த்தார். பயிற்சியிலிருந்து நீக்கி, மறுபடி குழிக்கே அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் டீக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன். ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். வெட்கங்கெட்டவன்.

"சார், நான் சைக்கிள்ல வர்ற ஆளு. என் பாக்கெட்ல ஏது சார் பஸ் டிக்கெட்டு?"

"அங்கேயே ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ இன்னா சொல்றேன்னு பாத்துக்கினு இர்ந்தேன்" என்றார். அதுவரை என்னை அவர் நீ என்று கூப்பிட்டதில்லை.

அந்தச் சம்பந்தம் அமைந்தது. என் மனைவி நல்லவள். இன்றுவரை அவளிடம் இதைச் சொன்னதில்லை. அதற்குப் பின் வந்த பேட்சுகளுக்கு, டிக்கெட் செருகாதே, ஒழுங்கு முக்கியம் என்று நான் உபதேசம் செய்ததையெல்லாம் நினைத்தால் என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

ரிப்பேர் கடையிலிருந்து நேராகப் பட்டினப்பாக்கம் போனேன். இத்தனை வருஷம் ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். வழியில், எக்ஸ்சேஞ்சு இருந்த மாடியில் இப்போது யாரோ கோச்சிங் சென்டர் நடத்துகிறார்கள். ஃப்ரேமைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. எங்கள் பயிற்சி மையமும் இல்லை, அந்த விசாரணைக் காகிதங்கள் எந்தக் குப்பையில் போயினவோ. மீன் கடைகள் மட்டும் இருந்தன. டெலிபோன் தனபால் என்று விசாரித்ததில், ஐம்பது வயதுக்காரி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவர் மகள்.

"நைனா பூட்டாரு சார், நாலு வருசம் ஆவுது. எங்களுக்குப் பெருங்குடி தாண்டி வூடு குட்த்தாங்க. யாவாரத்துக்கு மட்டும் இங்க வர்றேன். நீங்க இன்னா, அவரோட வேலை பாத்தவரா?"

"நான் அவருக்கு வகுப்பு எடுத்தேன்."

"அந்தப் பரிட்சையா?" என்று சிரித்தாள். "மண்டைல ஏறலன்னு தொரத்திட்டாங்களாமே. நைனாவே சொல்லும்."

அவர் வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கவுச்சியில், ஆள் நடமாட்டத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பிலேயே அவர்தான் முதல், தப்பு என்னுடையது, பொய்யும் என்னுடையது என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் மீன்மேல் தண்ணீர் தெளித்தாள்.

"எங்கம்மா உசுரோட கீறப்பவே வந்து சொல்லியிருக்கலாம் சார்" என்றாள். "நீலம், பச்சைன்னு ராவும் பகலும் சொல்லிக்குட்த்தும் கோட்டை வுட்டியேன்னு, சாவற வரிக்கும் நைனாவ மக்கு, மக்குன்னே கூப்டுக்கினு இர்ந்துச்சு."