மெதுவாக நகர்த்தச் சொன்னவர்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் குழாய்கள் செய்யும் ஒரு பட்டறையில் நான் கணினியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வெல்டர் இருந்தார். உயரமானவர், நரைத்த மீசை. என் மேசைக்கு வந்தால் திரையைத் தொடமாட்டார். விரலைச் சற்றுத் தள்ளி வைத்தே காட்டுவார்.

ஒருநாள் வேலை முடியும் நேரத்தில் வந்தார். "தம்பி, அந்த வளைவு தூண்ல இடிக்கிற மாதிரி தெரியுது. கொஞ்சம் காட்டுங்க."

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மவுஸின் சக்கரத்தை உருட்டி, படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, இங்குமங்கும் இழுத்தேன்.

"மெதுவா லா. இப்ப எந்த இடத்துல இருக்கோம்னே புரியல."

"எல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே. வரைஞ்சபடியே செய்ங்க," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார்.

பொருத்தும்போது குழாய் தூணில் இடித்தது. மேலாளர் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷ அனுபவம். வெட்டறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "கேட்டிருக்கணும்," என்றார்.

அந்த மாதக் கடைசியில் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.